அன்றாட இனவாதம் என்றால் என்ன? மெல்பேர்னின் ஆபிரிக்கர்களை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

அவுஸ்திரேலியாவில் ஆபிரிக்கர்கள் எதிர்கொள்ளும் இனவாதம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் உடனே வந்து விழுகின்றன. "இது பல்லினப் பண்பாட்டு நாடு, இங்கே சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்பது ஒன்று. "அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார், நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்பது மற்றது. இனவாதம் என்றால் ஒரு கெட்ட மனிதருடைய நெஞ்சிலிருக்கும் வெறுப்பு என்று எண்ணிக்கொள்வதால் வரும் பதில்கள் இவை. அப்படி எண்ணும் வரையில், யாராவது வாய்விட்டுத் திட்டினால் அல்லது கை நீட்டினால் மட்டுமே அது நம் கண்ணில் படும். மற்ற நாட்களில் நடப்பவை எல்லாம் தற்செயலாகவே தோன்றும். மற்ற நாட்களில் நடப்பவற்றைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

"ஆபிரிக்கர்" என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுபவர்கள் ஒரே கூட்டத்தார் அல்லர். நைஜீரியா, கானா, சிம்பாப்வே, கென்யா போன்ற நாடுகளிலிருந்து மருத்துவர்களாகவும் தாதியராகவும் பொறியியலாளர்களாகவும் தொழில் விசாவில் வந்தவர்கள் உண்டு. சோமாலியா, எதியோப்பியா, எரித்திரியா ஆகிய நாடுகளிலிருந்து போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்கள் உண்டு. சூடானில் 1983 முதல் 2005 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஊரிழந்து, கென்யாவின் காகுமா போன்ற அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1990களின் பிற்பகுதியிலிருந்து மனிதாபிமான விசாவில் வந்து சேர்ந்த தென்சூடானியர் இன்னொரு பெரும் பகுதியினர். இவர்களில் பலர் மெல்பேர்ன் நகரின் மேற்கிலும் தென்கிழக்கிலும் வாழ்கிறார்கள். பிளெமிங்டன், வடமெல்பேர்ன் ஆகிய இடங்களின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பல ஆபிரிக்கக் குடும்பங்கள் உண்டு.

அவர்கள் வந்து சேர்ந்த நாடு பல்லினப் பண்பாட்டைக் கொள்கையாகவே அறிவித்த நாடு. 1901இல் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்தின் மூலம் வெள்ளையர் அல்லாதோரைப் பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்தி வைத்த அவுஸ்திரேலியா, 1973இல் அந்தக் கொள்கையை முற்றாகக் கைவிட்டு, 1975இல் இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்வோரில் 27.6 சதவீதத்தினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இவ்வளவு கலந்து வாழும் நாட்டில் எப்படி இனவாதம் இருக்க முடியும் என்பது நியாயமான கேள்விதான்.

நமக்குத் தெரிந்த ஓர் அனுபவம்

போர்க்காலக் கொழும்பில் வாழ்ந்த தமிழர் எவருக்கும் சோதனைச் சாவடியை விளக்கத் தேவையில்லை. பஸ்ஸை நிறுத்துவார்கள், அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றோ மட்டக்களப்பு என்றோ இருந்தால் இறங்கச் சொல்வார்கள். சோதிக்கும் சிப்பாய் மரியாதையாகவே பேசக்கூடும். இரண்டு நிமிடத்தில் அட்டையைத் திருப்பித் தந்து "போகலாம்" என்றும் சொல்லக்கூடும். அந்த ஒரு சோதனையை மட்டும் தனியே எடுத்து, இதில் என்ன அநியாயம் நடந்தது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் அதே பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் இறங்கவில்லை என்பதும், நீங்கள் நேற்றும் இறங்கினீர்கள், நாளையும் இறங்குவீர்கள் என்பதும், அதனால் வேலைக்குப் போக அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்பப் பழகிவிட்டீர்கள் என்பதும் சேரும்போதுதான் அது என்னவென்று தெரிகிறது.

பாதிப்பு தனிச் சம்பவத்தில் இருக்கவில்லை. அது யார் மீது விழுகிறது, எத்தனை முறை விழுகிறது என்பதில் இருந்தது. சிப்பாயின் தனிப்பட்ட நல்லெண்ணமோ கெட்ட எண்ணமோ அந்தக் கணக்கை மாற்றவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மெல்பேர்னில் நடப்பதைப் புரிந்துகொள்வது எளிது.

அன்றாட இனவாதம்: ஒரு வரையறை

இந்தக் கருத்தை முறையாக வடிவமைத்தவர் சுரிநாம் பூர்வீகம் கொண்ட நெதர்லாந்து ஆய்வாளர் பிலோமினா எசெட். 1980களில், தம்மைச் சகிப்புத்தன்மை மிக்க நாடென்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட நெதர்லாந்தில் வாழ்ந்த கறுப்பினப் பெண்களிடம் அவர் நீண்ட உரையாடல்களை நடத்தினார். கடையில், வகுப்பறையில், அலுவலகத்தில், மருத்துவமனையில் ஒரு சாதாரண நாளில் என்ன நடக்கிறது என்பதே அவரது கேள்வி. அவர் காட்டியதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: அன்றாட இனவாதம் என்பது, ஒரு சமூகத்தில் வேரூன்றிய இனப் படிநிலை, வழக்கமான சின்னச் சின்ன நடைமுறைகளின் வழியாக, அவற்றைச் செய்பவர்களுக்கே இயல்பாகத் தோன்றும் விதத்தில், ஒரே மக்கள்மீது திரும்பத் திரும்ப விழுவது.

இந்த வரையறையில் "வெறுப்பு" என்ற சொல்லே இல்லை. வெறுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திரும்பத் திரும்ப நடப்பதும் இயல்பாகத் தோன்றுவதுமே அதற்கு வலுவூட்டுகின்றன.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு சொல் நுண் அவமதிப்பு. அமெரிக்க உளமருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் முன்வைத்த கருத்து இது. கேட்பவருக்குச் சாதாரணமாகவும் சில வேளை பாராட்டாகவும்கூடத் தெரிகிற, ஆனால் "நீ இங்கே உரியவன் அல்ல" என்ற செய்தியைச் சுமந்து வருகிற சொல்லையோ செயலையோ அது குறிக்கிறது. மெல்பேர்னிலேயே பிறந்த பெண்ணிடம் "உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே" என்பது ஓர் உதாரணம். அனுமதி கேட்காமல் அவளுடைய பின்னலைத் தொட்டுப் பார்ப்பது, "நிஜமாக எந்த ஊர்?" என்று இரண்டாம் முறையும் கேட்பது, நெரிசலான ரயிலில் அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே கிடப்பது எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

மேற்குப் புறநகர் அங்காடி ஒன்றின் வாசலில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். தாங்களே விலையைப் பதிந்து பணம் செலுத்தும் பகுதியிலிருந்து வரிசையாக ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போன மூவரை வாசற்காவலர் தலையசைத்து அனுப்பினார். அடுத்து, பள்ளிச் சீருடையில் இருந்த உயரமான தென்சூடானியச் சிறுவன் காவலர் கேட்பதற்கு முன்பே நின்று, இடது கையில் மடித்து வைத்திருந்த பற்றுச்சீட்டை நீட்டினான். அவன் வாங்கியிருந்தது ஒரு பால் போத்தல். காவலர் சீட்டைப் பார்த்து "நன்றி தம்பி" என்ற தொனியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஆனால் கேட்கும் முன்பே நீட்டுவதற்கு அந்தச் சிறுவன் எங்கோ, பல முறை, கற்றிருக்கிறான். எனக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்றே தெரியாது. என்னை யாரும் கேட்கவுமில்லை.

சுருங்கச் சொன்னால், அன்றாட இனவாதத்தை ஒரு சம்பவமாகப் பார்த்தால் அது மறைந்துவிடும், ஒரு போக்காகப் பார்த்தால் தெரியும்.

போக்கை எப்படி அளப்பது?

"அது உங்கள் எண்ணம்" என்ற மறுப்புக்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரே சூழ்நிலையைப் பல நூறு முறை உருவாக்கி, இனம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிஸ்பேன் நகரப் பஸ்களில் செய்த சோதனை இதற்கு மிகச் சிறந்த உதாரணம். வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இளைஞர்கள், பணம் தீர்ந்துபோன பயண அட்டையுடன் பஸ்ஸில் ஏறி, அட்டை வேலை செய்யாதபோது சாரதியிடம் இலவசமாக ஏற்றிச் செல்ல முடியுமா என்று கேட்டார்கள். இப்படி 1,500க்கும் மேற்பட்ட முறை. வெள்ளையர் கேட்டபோது சுமார் 72 சதவீத முறை சாரதிகள் ஏறச் சொன்னார்கள். கறுப்பினத்தவர் கேட்டபோது சுமார் 36 சதவீத முறைதான். சரியாகப் பாதி. இந்தியத் தோற்றம் கொண்டவர்களுக்குச் சுமார் 51 சதவீதம். அந்த இடைப்பட்ட எண்ணில்தான் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

இந்த ஆய்வில் இதைவிட முக்கியமான இன்னொரு பகுதி உண்டு. பிறகு சாரதிகளைத் தனியே சந்தித்து, அதே ஆட்களின் படங்களைக் காட்டி, இவர் கேட்டால் ஏற்றுவீர்களா என்று கேட்டார்கள். கறுப்பினத்தவரையும் இந்தியரையும் ஏற்றுவோம் என்று மிகப் பெரும்பாலானோர் பதில் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கருத வேண்டியதில்லை. உட்கார்ந்து யோசிக்கும்போது ஒரு முடிவும், பின்னால் ஆட்கள் காத்திருக்கச் சில நொடிகளில் எடுக்கும்போது வேறொரு முடிவும் வருகின்றன. நாமே உணராமல் நம் விரைவான முடிவுகளைச் சாய்க்கும் இந்தப் பழக்கத்துக்கு அறியாச் சார்பு என்று பெயர். ஒவ்வொரு சாரதியும் ஒரு முறைதான் மறுத்தார், அவரைப் பொறுத்தவரை விதியைப் பின்பற்றினார், அவ்வளவுதான். நூறு சாரதிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் விதி யாருக்கு வளைகிறது, யாருக்கு வளையவில்லை என்பது தெரிகிறது. இனவாதம் என்பது கூடுதலாக ஏற்றப்படும் தண்டனையாக மட்டும் இருப்பதில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் சலுகையும் நம்பிக்கையும் கிடைக்காமல் போவதும் அதுவே.

வேலை தேடுவதிலும் இதே முறையில் அளந்திருக்கிறார்கள். அவுஸ்திரேலிய நகரங்களில் 4,000க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஆய்வொன்றில், தகுதி ஒன்றாகவே இருந்தும், ஆங்கிலப் பெயர் கொண்டவருக்குக் கிடைக்கும் அதே அளவு நேர்காணல் அழைப்புகளைப் பெற, சீனப் பெயர் கொண்டவர் 68 சதவீதமும் மத்திய கிழக்குப் பெயர் கொண்டவர் 64 சதவீதமும் கூடுதலான விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது. ஆபிரிக்கப் பெயர்கள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. ஆனால் பட்டம் பெற்றவர்கள் முதியோர் இல்லங்களிலும் களஞ்சியங்களிலும் டாக்சிகளிலும் வேலை செய்வதை அந்தச் சமூகத்துடன் பழகும் எவரும் அறிவார்கள்.

"ஆபிரிக்கக் கும்பல்" என்ற கதை

அறியாச் சார்பு எங்கிருந்து ஊறுகிறது? ஒரு பகுதி, திரும்பத் திரும்பக் கேட்ட கதைகளிலிருந்து. மெல்பேர்னில் அந்தக் கதை உருவான விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2007 செப்டெம்பரில் நோபிள் பார்க் பகுதியில் ஒரு சூடானிய இளைஞன் அடித்துக் கொல்லப்பட்டான். சில நாட்களுக்குள், அப்போதைய குடிவரவு அமைச்சர் கெவின் அன்ட்ரூஸ், ஆபிரிக்க அகதிகளை எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கையைக் குறைத்ததற்குக் காரணமாக, சிலர் அவுஸ்திரேலிய வாழ்க்கையோடு பொருந்துவதாகத் தெரியவில்லை என்றார். அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட இருவரும் வெள்ளையர்கள். கொல்லப்பட்டவனுடைய சமூகம், கொன்ற சமூகம் போல நாடெங்கும் பேசப்பட்டது.

2018 ஜனவரியில், உள்நாட்டலுவல்கள் அமைச்சராக இருந்த பீட்டர் டட்டன், கும்பல்கள் பின்தொடர்ந்து வருவதால் மெல்பேர்ன் மக்கள் இரவில் உணவகங்களுக்குப் போகவே அஞ்சுகிறார்கள் என்று சொன்னார். "ஆபிரிக்கக் கும்பல்" என்ற தொடர் மாதக்கணக்கில் செய்திகளில் ஓடியது. அதே மாதம் ஆபிரிக்க அவுஸ்திரேலியர்கள் பலர், தம் பட்டமளிப்பு விழாப் படங்களையும் குடும்பப் படங்களையும் அதே தொடரைத் தலைப்பாக இட்டுச் சமூக ஊடகங்களில் பகிர்ந்து பதில் சொன்னார்கள்.

குற்றங்கள் நடக்கவே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. சில இளைஞர்கள் வீடு புகுந்தார்கள், கார்களைப் பறித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் அச்சமும் உண்மையானது. மெல்பேர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாநிலத்தில் அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சூடானில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 1 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் பங்கைவிட இது அதிகம். அந்தச் சமூகத்தில் இளம் ஆண்களின் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்பதும், எந்தச் சமூகத்திலும் இளம் ஆண்களே அதிகம் குற்றம் சாட்டப்படுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர்கள்.

இங்கே நடக்கும் தர்க்கப் பிழையைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "குற்றம் செய்தவர்களில் எத்தனை பேர் சூடானியர்?" என்பது ஒரு கேள்வி. "சூடானியர்களில் எத்தனை பேர் குற்றம் செய்தவர்கள்?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதற்கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவதற்குப் பதிலாக வைக்கும்போது, ஒரு சிலரின் செயல், ஒன்றும் செய்யாத ஆயிரக்கணக்கானவர்களின் முகத்தில் ஒட்டப்படுகிறது. வெள்ளை இளைஞன் திருடினால் செய்தியில் அவன் வயதும் ஊரும் வருகின்றன, இனம் வருவதில்லை. ஆகவே அவனுடைய குற்றம் அவனோடு நின்றுவிடுகிறது. கறுப்பு இளைஞனின் குற்றத்துக்கு மட்டும் இனம் ஒரு தலைப்பாகிறது. அதைப் படித்தவர்தான் மறுநாள் பஸ் ஓட்டுகிறார், வாடகை விண்ணப்பங்களைப் பார்க்கிறார், அங்காடி வாசலில் நிற்கிறார்.

பழக்கம் நிறுவனத்துக்குள் புகும்போது

தனி மனிதர்களின் சார்பு ஒரு நிறுவனத்தின் வேலை முறையாகவே மாறிவிட்டால் அதை நிறுவன இனவாதம் என்கிறோம். அதன் ஒரு வடிவம் இனக் குறிவைப்பு. அதாவது, ஒருவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்காமல் அவர் எந்த இனம் என்பதை வைத்துப் பொலிஸார் நிறுத்திச் சோதிப்பது.

பிளெமிங்டன், வடமெல்பேர்ன் பகுதிகளைச் சேர்ந்த ஆபிரிக்க இளைஞர்கள் சிலர், தாங்கள் காரணமின்றி நிறுத்தப்படுவதாக விக்டோரியா பொலிஸுக்கு எதிராகக் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனார்கள். பொலிஸாரின் சொந்தப் பதிவுகளை ஆராய்ந்த மெல்பேர்ன் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர், அப்பகுதியின் ஆபிரிக்க இளைஞர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக நிறுத்தப்பட்டதைக் கண்டார். அவர்கள் செய்ததாகப் பதிவான குற்றங்களோ மற்றவர்களைவிடக் குறைவு. 2013 பெப்ரவரியில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. தன் நடைமுறைகளைப் பொதுமக்கள் கருத்துக் கேட்டு மீளாய்வு செய்யப் பொலிஸ் திணைக்களம் ஒப்புக்கொண்டது. இந்த வழக்கின் வெற்றி ஒரு சம்பவத்தை நிரூபித்ததால் வரவில்லை, எண்ணிக்கையை முன்வைத்ததால் வந்தது.

2020 ஜூலை 4ஆம் திகதி அதே பகுதியின் ஒன்பது அடுக்குமாடிக் கட்டடங்கள், கோவிட் பரவலைக் காரணம் காட்டி, முன்னறிவிப்பின்றி உடனடியாகப் பூட்டப்பட்டன. சுமார் 3,000 பேர் உள்ளே. கீழே பொலிஸார். மருந்தும் குழந்தைகளுக்கு உணவும் வாங்க முடியாமல் பலர் தவித்தார்கள். உடனடியாகப் பூட்டிய விதம் மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று மாநில ஒம்புட்ஸ்மன் (அரசு நிர்வாகம் பற்றிய முறைப்பாடுகளை விசாரிப்பவர்) அந்த ஆண்டின் இறுதியில் அறிக்கையிட்டார்.

விளையாட்டுத் துறையும் விலக்கல்ல. கொங்கோ, பிரேசில் பூர்வீகம் கொண்ட அவுஸ்திரேலியக் காற்பந்து வீரர் ஹெரிட்டியர் லுமும்பா, கொலிங்வூட் கழகத்தில் சக வீரர்கள் தன்னைச் "சிம்ப்" (சிம்பன்சிக் குரங்கு) என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதாக வெளிப்படையாகச் சொன்னபோது, அது விளையாட்டுப் பேச்சு என்று பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டார். 2021இல் வெளியான சுயாதீன அறிக்கை, அந்தக் கழகத்தில் முறைமைசார்ந்த இனவாதம் இருந்ததாக முடிவு சொன்னது. அறிக்கை வெளிவந்த சில நாட்களில் கழகத் தலைவர் பதவி விலகினார்.

மேலே கண்டவற்றைச் சேர்த்தால் ஒரு சுற்று கிடைக்கிறது: கதை சார்பை வளர்க்கிறது, சார்பு விரைவான முடிவுகளைச் சாய்க்கிறது, சாய்ந்த முடிவுகள் நிறுவனத்தின் வழக்கமாகின்றன, வழக்கம் உருவாக்கும் பதிவுகள் மறுபடி கதைக்கே சான்றாகின்றன. அதிகம் நிறுத்தப்படுபவர்களிடம்தானே அதிகம் அகப்படும்.

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது, அதற்குப் பயனும் உண்டு. ஆனால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்பவர்தான், தனக்கு நடந்தது இனத்தின் காரணமாகவே நடந்தது என்பதைக் காட்ட வேண்டும். "வீடு வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது" என்ற ஒரு தொலைபேசிப் பதிலை வைத்து அதை எப்படிக் காட்டுவது? மனித உரிமைகள் ஆணைக்குழு இரு தரப்பையும் அழைத்து இணக்கம் காண முயலும், தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. இணங்காவிட்டால் நீதிமன்றம், வழக்குச் செலவு. இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாய் இதற்கெல்லாம் விடுப்பு எடுப்பதில்லை. சம்பவங்களைத் தனித்தனியாக விசாரிக்கும்படி அமைந்த சட்டம், போக்காக இயங்கும் ஒன்றைப் பிடிக்கத் திணறுகிறது.

உடல் கொடுக்கும் விலை

இப்போது நிகழுமா, அடுத்த கடையில் நிகழுமா என்ற எதிர்பார்ப்பே உடலை எச்சரிக்கையில் வைத்திருக்கிறது. இனவாதமும் உடல்நலமும் பற்றிய 293 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான பகுப்பாய்வு, இனவாதத்தை எதிர்கொள்வோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதை உறுதிசெய்தது. நடந்ததைச் சொல்வதா விடுவதா என்று ஒவ்வொரு முறையும் எடைபோடுவதும் ஒரு சுமை. சொன்னால் "எல்லாவற்றிலும் இனத்தைப் பார்க்கிறாய்" என்பார்கள். சொல்லாவிட்டால் அது உள்ளேயே கிடக்கும். பல ஆபிரிக்கத் தாய்மார் தம் மகன்களுக்குச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்டால் மனம் கனக்கும்: தொப்பியுள்ள மேலங்கியைப் போடாதே, நாலு பேராகச் சேர்ந்து நிற்காதே, கடையில் கையைப் பைக்குள் விடாதே. பதினான்கு வயதுப் பையன்களுக்கு நண்பர்களோடு சேர்ந்து நிற்காமல் வேறென்ன வேலை?

நம் வீட்டுக்குள்

மெல்பேர்னின் தென்கிழக்கில், டண்டெனோங் சுற்றுவட்டாரத்தில், தமிழரும் ஆபிரிக்கரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். நம்மில் பலர் அவர்களைப் போலவே அகதிகளாக வந்தவர்கள். ஆயினும் வீடு தேடும்போது "அந்தப் பக்கம் வேண்டாம், ஆபிரிக்கர் அதிகம்" என்று சொல்பவர்களை நான் அறிவேன். கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் "காப்பிலி" என்ற சொல்லைச் சாப்பாட்டு மேசையில் தயங்காமல் சொல்பவர்களையும் அறிவேன். நமக்கு நடந்ததை நாம் அநியாயம் என்கிறோம், அடுத்தவருக்கு நடப்பதை முன்னெச்சரிக்கை என்கிறோம். இது என்னை வருத்துகிறது. பிரிஸ்பேன் பஸ்ஸில் 51 சதவீத இடத்தில் நிற்பவர்களுக்கு, 36 சதவீத இடத்தில் நிற்பவர்களைத் தள்ளிவைத்து எதுவும் கிடைக்கப் போவதில்லை.

செய்யக்கூடியது என்ன என்று கேட்பவர்களுக்கு, போக்கைப் போக்காகக் காட்டுவதற்கு உதவுங்கள் என்பதே என் பதில். உங்கள் கண்முன் ஓர் ஆபிரிக்க இளைஞன் காரணமின்றி நிறுத்தப்பட்டால், அருகில் நின்று, திகதி, நேரம், இடம், பஸ்ஸாயின் அதன் எண், அதே வேளை யார் நிறுத்தப்படவில்லை என்பது ஆகியவற்றைக் குறித்து, "நான் பார்த்தேன், வேண்டுமானால் சொல்கிறேன்" என்று உங்கள் தொலைபேசி எண்ணோடு அவனிடம் கொடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யக் கட்டணமில்லை, இணையத்திலேயே செய்யலாம். பகுதிச் சட்ட உதவி நிலையங்கள் இலவசமாக வழிகாட்டும். பிளெமிங்டன் இளைஞர்களின் வழக்குக்கு அப்படியொரு நிலையம்தான் துணை நின்றது.